கூரைமேற் சூரியனும் அறுந்த தொடர்பும்

பண்டம் ஒன்றை விற்பவன் அப்பண்டத்தை மாத்திரம் விற்பதில்லை. அதனோடு ஒரு சொல்லையும் சேர்த்தே விற்கின்றான். குடை விற்பவன் மழைக்கு ஒழுகாது என்கின்றான். கடிகாரம் விற்பவன் இத்தனை ஆண்டுக்குப் பழுதின்றி ஓடும் என்கின்றான். அச்சொல் பொய்த்துவிட்டால் வாங்கியவனுக்கு வழி யாது என்னும் வினா, வாணிகம் தோன்றிய நாள் தொட்டு நீதிமன்றங்களின் வாசலில் நின்று வருகின்றது. இந்நூற்றாண்டில் அவ்வினா வீட்டுக் கூரையின் மேல் ஏறியிருக்கின்றது. சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் பெறும் சாதனங்களை வாங்கிய அமெரிக்கக் குடும்பங்கள், அச்சாதனங்களோடு தமக்கு வாக்களிக்கப்பட்ட தொடர்பு அறுந்துபோனமையைக் கண்டு, சட்டத்தில் தமக்கு என்ன பரிகாரம் உண்டு எனத் தேடத் தொடங்கின. அத்தேட்டத்தின் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதனை அறிவது நுகர்வோர் யாவர்க்கும் பயன் தருவதாகும்.

முதலில், கூரைமேல் இருக்கும் பொருள் யாதென விளங்கிக்கொள்ளல் வேண்டும். 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் திகதி, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுகூடத்தார், சிலிக்கனாற் செய்யப்பட்ட சூரிய மின்கலம் ஒன்றை உலகத்தார்க்குக் காட்டினர். தன்மேற் பட்ட ஒளியின் ஆற்றலில் ஏறத்தாழ 6 சதவீதத்தை அது மின்சாரமாக மாற்றிற்று. அன்று அது வானிற் செல்லும் செய்மதிகளுக்கே கட்டுப்படியாகும் அளவுக்கு விலையுயர்ந்த பொருளாய் இருந்தது. அரை நூற்றாண்டு கழிந்தபின், விலை பன்மடங்கு குறைந்து, அது குடிமக்களின் கூரையை அடைந்தது. கண்ணாடியும் சிலிக்கனும் சேர்ந்த படலத்தில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. ஆகவே தேய்மானம் மிகக் குறைவு. இதனை நம்பியே செய்வோர் பலர் 25 ஆண்டு உத்தரவாதம் எழுதிக் கொடுக்கத் துணிந்தனர்.

படலம் தருவது நேரோட்ட மின்சாரம். வீட்டு விளக்கும் குளிர்சாதனப் பெட்டியும் வேண்டுவது ஆடலோட்ட மின்சாரம். ஒன்றை மற்றதாக மாற்றும் கருவிக்கு இன்வேட்டர் என்று பெயர். முன்னர் வீடு ஒன்றுக்கு ஓர் இன்வேட்டர் இருந்தது. 2008ஆம் ஆண்டளவில் கலிபோர்ணியாவின் என்பேஸ் கம்பனி, ஒவ்வொரு படலத்தின் அடியிலும் ஒரு சிறு இன்வேட்டரைப் பொருத்தும் முறையைச் சந்தைக்குக் கொணர்ந்தது. இருபது படலங்களுக்கு இருபது இன்வேட்டர்கள். அவற்றுள் ஒன்று பழுதுற்றாலும் ஏனையவை இயங்கிக்கொண்டே இருக்கும். நன்மையோடு ஒரு தொல்லையும் இதில் உண்டு. கூரையில் ஒன்று செத்துக் கிடப்பதைக் கீழே வாழ்பவர் கண்ணாற் கண்டறிய இயலாது.

அதனைக் கண்டறிவதற்காகவே தொடர்பு அமைக்கப்பட்டது. வீட்டுச் சுவரில் ஒரு சிறு பெட்டி. அதனுள்ளே கைத்தொலைபேசியில் இருப்பது போன்ற மோடம். அது அன்றாடம் ஒவ்வொரு படலமும் தந்த மின்சாரத்தின் அளவைக் கணக்கிட்டு, தொலைபேசி அலை வழியே கம்பனியின் கணினிக் கூடத்துக்கு அனுப்பும். வீட்டுக்காரர் தமது கைத்தொலைபேசியிலே அதனைப் பார்த்துக்கொள்வார். பழுது எங்கே என்பதை அறிவதற்கும், உத்தரவாதத்தின் கீழ்ப் பரிகாரம் கோருவதற்கும், இத்தனை அலகு மின்சாரம் கிடைக்கும் என்று கம்பனி ஏற்ற பொறுப்பு நிறைவேறியதா என்பதைச் சரிபார்ப்பதற்கும் அக்கணக்கே சான்று. சான்று அற்றவர்க்கு உரிமை ஏட்டளவில் நிற்குமேயன்றிக் கைக்கு வராது.

இவ்விடத்திலேதான் இரண்டு காலக்கணக்குகள் ஒன்றோடொன்று மோதின. படலத்தின் ஆயுள் கால் நூற்றாண்டு. தொலைபேசி வலையின் ஆயுளோ அத்தகையதன்று. மூன்றாம் தலைமுறைத் தொலைபேசி வலை 2001ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் யப்பான் நாட்டிலே வணிக சேவையாகத் தொடங்கியது. அமெரிக்காவில் ஏ. டி. அன்ட் டி. கம்பனி தனது மூன்றாம் தலைமுறை வலையை 2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் மூடிற்று. ஏனைய பெருங் கம்பனிகளும் அவ்வாண்டு முடிவதற்குள் தத்தம் வலைகளை மூடின. புதிய தலைமுறைச் சேவைக்கு அலைவரிசை வேண்டியிருந்ததே காரணம். பத்து ஆண்டுகளுக்கு முன் பொருத்திய படலம் இன்னும் பதினைந்து ஆண்டு உழைக்க வல்லது. அதன் செய்தியைச் சுமந்து சென்ற அலை ஒரே நாளில் ஓய்ந்தது. பழைய மோடத்தை மாற்றாத வீடுகளில் கூரை ஊமையாயிற்று.

மின்சாரம் நின்றுவிடவில்லையே, பின் என்ன நட்டம் என்று விற்றவர் வினவலாம். தாம் பணம் கொடுத்தது மின்சாரத்துக்கும் அதனைப் பற்றிய அறிவுக்கும் சேர்த்தே என்று வாங்கியவர் விடை கூறலாம். இவ்விரு வாதங்களுள் சட்டம் எதன் பக்கம் சாய்ந்து வந்திருக்கின்றது என்பதை வரலாறு காட்டும்.

1891ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டன் பத்திரிகை ஒன்றிலே காபோலிக் புகைக்குண்டுக் கம்பனியின் விளம்பரம் வெளிவந்தது. தமது மருந்தைக் கூறியவாறு இரண்டு வாரம் பயன்படுத்திய பின்னும் இன்புளுவென்சாக் காய்ச்சல் காணுவோர்க்கு 100 பவுண் கொடுப்பதாகவும், அதற்குச் சான்றாக 1,000 பவுணை வங்கியில் வைப்பிலிட்டிருப்பதாகவும் அது கூறிற்று. கார்லில் என்னும் அம்மையார் அதனை நம்பி வாங்கிப் பயன்படுத்தினார். எனினும் காய்ச்சல் கண்டது. பணத்தைக் கேட்டபோது, அது வெறும் விளம்பரப் பேச்சு என்று கம்பனி கைவிரித்தது. 1892ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் அம்மையாரின் பக்கம் தீர்ப்பளித்தது. வாங்குவோரைத் தூண்டுதற்காக ஊரறியக் கூறிய வாக்கு, கூறியவரைக் கட்டும் என்னும் நெறி அன்று நிலைபெற்றது.

அதன் பின்னர், 1893ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் இங்கிலாந்தில் நிறைவேறியது. விற்கும் பொருள் வாங்குவோன் தெரிவித்த தேவைக்குத் தக்கதாயிருத்தல் வேண்டும் என்பதை, எழுதாத நிபந்தனையாகவே அது ஒப்பந்தத்துள் வைத்தது. அதனை அடியொற்றியே 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இலங்கைக்கும் வந்தது. எனவே இவ்வரலாற்றில் ஒரு கிளை இத்தீவிலும் வேரூன்றியது எனலாம்.

ஆயினும் வாணிகர் வாளாவிருக்கவில்லை. சட்டம் முன்வாசலாற் கொடுத்ததைச் சிறு எழுத்துக்கள் பின்வாசலால் எடுத்துச் சென்றன. பழுதுற்ற உறுப்பை மாற்றித் தருவதன்றி வேறு பொறுப்பு எதனையும் ஏலோம் என்று ஒப்பந்தத்தின் பின்புறத்தில் நுண்ணிய எழுத்தில் அச்சிடுதல் வழக்கமாயிற்று. 1960ஆம் ஆண்டு நியூ ஜேர்சி உயர் நீதிமன்றம் ஹென்னிங்சென் வழக்கில் இவ்வழக்கத்துக்கு ஓர் அடி கொடுத்தது. புதிதாக வாங்கிய மோட்டார் வண்டி திடீரெனச் சுக்கான் பிழைத்துச் சுவரில் மோதிய வழக்கு அது. மோட்டார் கம்பனிகள் யாவும் ஒரே வகையான சிறு எழுத்தை வைத்திருக்கும்போது, வாங்குவோனுக்குப் பேரம் பேசும் சுதந்திரம் எங்கே இருக்கின்றது என்று நீதிமன்றம் நோக்கிற்று. பொறுப்பை உதறும் அவ்வாசகம் செல்லாது எனத் தீர்த்தது.

1962ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி ஜனாதிபதி கென்னடி அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியிலே, நுகர்வோர்க்கு நான்கு உரிமைகளை வகுத்துக் கூறினார். பாதுகாப்புப் பெறும் உரிமை, அறிவிக்கப்பெறும் உரிமை, தெரிந்தெடுக்கும் உரிமை, குரல் கேட்கப்பெறும் உரிமை என்பனவே அவை. 1975இல் மக்னுசன்–மொஸ் உத்தரவாதச் சட்டம் நிறைவேறியது. எழுத்தில் உத்தரவாதம் தருவோர் அதனை எளிய மொழியில் எழுதுதல் வேண்டும் என்றும், எழுத்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, சட்டம் தானாகவே தரும் உத்தரவாதத்தை முற்றாக மறுத்தல் ஆகாது என்றும் அது விதித்தது.

இதுவரை கூறியவை யாவும் கையில் எடுத்துப் பார்க்கத்தக்க பண்டங்களைப் பற்றியவை. மருந்து மருந்தாகவே இருந்தது. வண்டி வண்டியாகவே இருந்தது. தொலைவிலுள்ள ஒருவர் விசையை அழுத்தியதும் வீட்டிலுள்ள பண்டம் தன் தொழிலை இழக்கும் நிலை பின்னரே தோன்றிற்று.

அத்தகைய வழக்குகளுள் முன்னோடியாக எண்ணத்தக்கது ஓன்ஸ்டார் வழக்கு. விபத்து நேர்ந்தால் வண்டி தானே உதவிக்கு அழைக்கும் ஓன்ஸ்டார் என்னும் சேவையை ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி 1996இல் தொடங்கியது. தொடக்கத்தில் அது பழைய அனலொக் தொலைபேசி வலையை நம்பியிருந்தது. அவ்வலையைத் தொலைபேசிக் கம்பனிகள் பேணவேண்டும் என்ற கட்டாயம் நீங்கும் என்று 2002ஆம் ஆண்டிலேயே சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு தீர்மானித்திருந்தது. 2008ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் திகதி அக்கட்டாயம் நீங்கிற்று. அந்த ஆண்டின் தொடக்கத்தோடு பழைய கருவி பூண்ட வண்டிகளில் ஓன்ஸ்டார் மௌனமாயிற்று. வலை மூடப்படும் என்பதை அறிந்திருந்தும் அதனைச் சொல்லாது வண்டிகளை விற்றனர் என்று உரிமையாளர்கள் வழக்காடினர். பல மாநில வழக்குகள் மிச்சிகனிலுள்ள சமஷ்டி நீதிமன்றத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டன.

முடிவு யாதாயிற்று? 2011ஆம் ஆண்டு, வழக்காளர் யாவரையும் ஒரே தொகுதியாகக் கொண்டு விசாரிக்க நீதிமன்றம் இணங்கவில்லை. மாநிலந்தோறும் சட்டம் வேறுபடுகின்றது. ஆகவே ஒருவர் வழக்கு மற்றவர் வழக்காகாது என்பதே அதன் போக்கு. இலட்சக்கணக்கானோரின் சிறு நட்டங்கள் ஒன்றுதிரண்டாற் பெருவெள்ளம்; தனித்தனியே நின்றால் அவை வாய்க்கால் நீர். ஒரு சில நூறு டொலருக்காக ஒருவர் தனித்து நின்று பெருங் கம்பனியோடு ஆண்டுக்கணக்கில் வழக்காடுதல் எங்ஙனம்?

அதே 2011ஆம் ஆண்டில் இன்னொரு கதவும் அடைபட்டது. இலவசம் என்று விளம்பரம் செய்த தொலைபேசிக்கு 30 டொலர் 22 சதம் விற்பனை வரி அறவிட்டதைக் குறித்து கொன்செப்சியன் என்னும் தம்பதியினர் ஏ. டி. அன்ட் டி. கம்பனிமீது தொடுத்த வழக்கு, அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. பிணக்கு எழுந்தால் நடுத்தீர்ப்பாளர் முன் தனித்தனியே வருதல் வேண்டும், தொகுதியாக வழக்காடுதல் ஆகாது என்று ஒப்பந்தத்தின் சிறு எழுத்துக் கூறிற்று. மாநிலச் சட்டம் அவ்வாசகத்தைத் தள்ளிவிட இயலாது என்று உயர் நீதிமன்றம் ஏப்ரல் மாதத்தில் தீர்த்தது. 1960இல் ஹென்னிங்சென் வழக்கிலே தலைகுனிந்த சிறு எழுத்து, ஐம்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின் வேறொரு வழியில் தலைநிமிர்ந்தது. சூரியப் படலம் வாங்குவோர் கையொப்பமிடும் ஒப்பந்தங்கள் பலவற்றிலும் இத்தகைய வாசகம் இடம்பெறுவது வழக்கம். ஆகவே, தொடர்பு அறுந்தோர் முதலில் எதிர்ப்படும் தடை நீதிபதியன்று, தம் கையொப்பமே.

நீதிமன்றம் செல்லாமலே பலன் கிடைத்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. வீட்டு விளக்குகளையும் பூட்டுகளையும் ஒருங்கே இயக்கும் ரிவோல்வ் என்னும் கருவி ஏறத்தாழ 300 டொலருக்கு விற்கப்பட்டது. 2014இல் நெஸ்ட் கம்பனி அதனை வாங்கிற்று. 2016ஆம் ஆண்டு மே மாதம் அதன் கணினிச் சேவையை நிறுத்தியது. கருவி வெறும் பெட்டியாயிற்று. பொதுமக்கள் குரல் எழுப்பினர். சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு விசாரணை தொடங்கியது. கம்பனி முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுக்க முன்வந்தமையும், கருவிகள் குறைந்த தொகையினவாய் இருந்தமையும் கண்டு, நடவடிக்கையின்றி ஆணைக்குழு விசாரணையை முடித்தது. ஆயினும், இவ்வாறு பண்டத்தைச் செயலிழக்கச் செய்தல் நுகர்வோர்க்கு நியாயமற்ற தீங்காகலாம் என்ற கருத்து அரசாங்க ஏட்டிற் பதிவாயிற்று.

300 டொலர்ப் பெட்டியைத் திருப்பி வாங்குதல் எளிது. கூரைமேல் ஏற்றிய சாதனத்தின் விலையோ பல்லாயிரம் டொலர். அதனைப் பெரும்பாலோர் கடனுக்கே வாங்கினர். கடன் தவணை இருபது, இருபத்தைந்து ஆண்டுக்கும் நீள்வதுண்டு. விற்ற கம்பனியே வீழ்ந்துவிட்டால் நிலைமை இன்னும் கடினமாகும். 1985இல் தோன்றி, அமெரிக்காவின் முன்னணிச் சூரியசக்திக் கம்பனிகளுள் ஒன்றாய் விளங்கிய சன்பவர், 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் திகதி டெலவெயர் மாநிலத்து நீதிமன்றத்தில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரிற்று. அதன் வணிகத்தின் சில பகுதிகளைக் கொம்ப்ளீட் சொலாரியா என்னும் கம்பனி 45 மில்லியன் டொலருக்கு வாங்கியது. வீடுகளின் கணக்கைக் காட்டும் சேவை வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஒரே கூரையில், படலத்துக்கு ஒருவர், இன்வேட்டருக்கு மற்றொருவர், கணக்குச் சேவைக்கு இன்னொருவர் எனப் பொறுப்பு மூன்றாகப் பிரிந்தது.

வங்குரோத்துச் சட்டத்தின்படி, மனுச் செய்தவுடனே அக்கம்பனிமீதுள்ள வழக்குகள் தடைப்படும். உத்தரவாதம் பெற்றிருந்தோர், ஈடு பெறாத கடன்காரர் வரிசையிற் பின்னே நிற்பர். எஞ்சியது கிடைத்தாற் கிடைக்கும். இருப்பினும், முன்னைத் தலைமுறை விட்டுச்சென்ற ஓர் ஆயுதம் இங்கு உதவக்கூடும். 1975இல் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு இயற்றி, 1976இல் நடைமுறைக்கு வந்த விதி ஒன்றின்படி, விற்பவர் மூலம் ஒழுங்கு செய்யப்பட்ட கடனாயின், விற்றவருக்கு எதிராக வாங்கியவர் கூறத்தக்க முறைப்பாட்டைக் கடன் கொடுத்தவருக்கு எதிராகவும் கூறலாம். பண்டம் பொய்த்தபின்னும் தவணை மாத்திரம் மெய்யாய் நிற்றல் நீதியன்று என்பதே அவ்விதியின் உட்கருத்து.

ஐரோப்பியர் இச்சிக்கலை வேறொரு முனையிலிருந்து அவிழ்க்க முயன்றனர். 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றி, 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறையான பணிப்புரை ஒன்று, மென்பொருளும் தொடர்புச் சேவையும் பண்டத்தின் உறுப்புக்களே என்று கொண்டது. அச்சேவை இத்தனை ஆண்டு தொடரும் என்று ஒப்பந்தம் கூறுமாயின், இரண்டு ஆண்டுக்கு மேற்பட்டதாயினும், அக்காலம் முழுவதற்கும் விற்றவரே பொறுப்பு. கண்ணாடிக்கு ஒரு நீதி, அதன் கணக்குக்கு வேறொரு நீதி என்ற பிரிவினைக்கு அங்கே இடமில்லை. அமெரிக்காவிலோ, 2024 நவம்பரில் வர்த்தக ஆணைக்குழுவின் அலுவலர் 184 தொடர்புச் சாதனங்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் ஏறத்தாழ 89 சதவீதமானவற்றுக்கு, மென்பொருள் ஆதரவு எத்தனை காலத்துக்கு என்பதைச் செய்தோர் தமது தளத்திற் கூறவே இல்லை. கென்னடி கூறிய அறிவிக்கப்பெறும் உரிமை, அறுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் நிறைவுபெறாதிருந்தது.

இலங்கையிலும் 2016ஆம் ஆண்டு தொடங்கிய சூரிய பல சங்கிராமய திட்டத்தின் பின் கூரைமேற் படலங்கள் பெருகின. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும், பழைய 1896ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் வாங்குவோர்க்குத் துணையாக உள்ளன. ஆயினும், பிறநாட்டார் நட்டப்பட்டுக் கற்ற பாடத்தைக் கேட்டே கற்றல் எளிது. சாதனம் வாங்கும்போது படலத்துக்கு எத்தனை ஆண்டு என்று கேட்போர் பலர். இன்வேட்டருக்கு எத்தனை ஆண்டு, மோடத்துக்கு எத்தனை ஆண்டு, தொடர்புச் சேவையை நடத்துவோர் யாவர், அவர் இல்லாதொழிந்தால் கணக்கை வீட்டிலிருந்தே நேராகப் படிக்க வழியுண்டா என்று கேட்டு, விடைகளை எழுத்திற் பெறுவோர் சிலரே. மாதந்தோறும் மின்மானியின் இலக்கங்களை ஒரு கொப்பியிற் குறித்து வைத்தல் சிறு வேலைதான். ஆனால் தொலைவிலுள்ள கணினி மௌனமான நாளில் அக்கொப்பியே சான்றாக நிற்கும்.

கார்லில் அம்மையார் வென்றமைக்குக் காரணம், கம்பனியின் வாக்கு அச்சில் இருந்தமையும், அதன் சொற்படி அவர் ஒழுகியமையுமாகும். ஓன்ஸ்டார் வண்டிக்காரர் இடர்ப்பட்டமைக்குக் காரணம், அவர்கள் ஒன்றுதிரள இயலாமற் போனமையாகும். வாக்கு தெளிவாக எழுதப்பட்டிருத்தல், வாங்கியோர் கூடி நின்று கேட்க வழியிருத்தல் ஆகிய இரண்டும் சேர்ந்த இடத்திலேயே நுகர்வோர் நீதி பெற்றனர். 25 ஆண்டு என்று கூறி விற்பவர், தமது பண்டத்தில் மிகக் குறைந்த ஆயுளுடைய உறுப்பு எதுவோ அதன் ஆயுளையும் கூறும் நாள் வரும்வரை, கூரைமேற் சூரியனுக்காக எழுந்த இவ்வழக்குகளும் ஓயப்போவதில்லை.